‘ஹூ டூ யூ திங்க் வில் கம்?’: ‘தட்’ உள்ள கேள்விகளை ஆங்கிலத்தில் எப்படிக் கேட்கிறார்கள்

“நாளைக்கு யார் வருவார்கள் என்று நினைக்கிறாய்?” இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம்மில் நிறையப் பேர் “டூ யூ திங்க் ஹூ வில் கம் டுமாரோ?” என்றுதான் சொல்வோம். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவருக்கு அது புரியும், ஆனால் காதில் உறுத்தும். அவர் கேட்கும் விதம் வேறு: “ஹூ டூ யூ திங்க் வில் கம் டுமாரோ?” முதல் தடவை பார்க்கும்போது வார்த்தைகளை யாரோ குலுக்கிப் போட்ட மாதிரி இருக்கும். ‘ஹூ’ ஒரு பக்கம், அதோடு சேர வேண்டிய ‘வில் கம்’ இன்னொரு பக்கம், நடுவில் ‘டூ யூ திங்க்’ வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் இதற்கு ஒழுங்கான ஒரு முறை இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் இந்த வகைக் கேள்விகளில் பாதிக்கு மேல் தானாக வந்துவிடும்.

முதலில் ‘தட்’ என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். “ஐ திங்க் தட் ஹி இஸ் அட் ஹோம்”, அதாவது அவர் வீட்டில் இருக்கிறார் என்று நினைக்கிறேன். இதில் இரண்டு வாக்கியங்கள் இருக்கின்றன. ‘ஐ திங்க்’ வெளியே இருப்பது, ‘ஹி இஸ் அட் ஹோம்’ உள்ளே இருப்பது. இரண்டையும் ஒட்டுவது ‘தட்’. நம் ‘என்று’ உள்வாக்கியத்தின் கடைசியில் வரும், அவர்களுடைய ‘தட்’ உள்வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும். இந்த இட வித்தியாசம் எல்லாருக்கும் சீக்கிரம் பழகிவிடும். பழகாமல் படுத்துவது வேறொன்று. நம் ‘என்று’ எதையும் விழுங்கும். சாதாரண வாக்கியத்துக்குப் பின்னாலும் வரும், கேள்விக்குப் பின்னாலும் வரும், கட்டளைக்குப் பின்னாலும் வரும்: “வருகிறான் என்று சொன்னார்”, “எங்கே போகிறாய் என்று கேட்டார்”, “போ என்று சொன்னார்”. ஆங்கிலத் ‘தட்’ அப்படியில்லை. அதற்குப் பின்னால் ஒரு செய்திதான் வர முடியும், கேள்வி வரக் கூடாது. நாம் செய்யும் தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது.

ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகள் சுலபம். வெளிவாக்கியத்தை மட்டும் கேள்வியாக்கினால் போதும், உள்வாக்கியத்தைத் தொடவே கூடாது. “டூ யூ திங்க் தட் ஹி இஸ் அட் ஹோம்?” அவ்வளவுதான். கேள்வி என்றவுடனே ‘இஸ் ஹி’ என்று திருப்பிப் போடும் பழக்கம் கைவந்துவிட்டதால் சிலர் உள்ளேயும் போய்த் திருப்பி, “டூ யூ திங்க் தட் இஸ் ஹி அட் ஹோம்?” என்று கேட்கிறார்கள். அது தவறு. ஒரு கேள்விக்கு ஒரு திருப்பம்தான், அதுவும் வெளிவாக்கியத்தில்தான். உள்வாக்கியம் எவ்வளவு நீளமாக இருந்தாலும், அதற்குள் இன்னொரு ‘தட்’ இருந்தாலும் இது மாறாது: “டிட் ஷி சே தட் யூ தாட் தட் தி பஸ் வாஸ் லேட்?” இதில் ‘டிட் ஷி’ மட்டும்தான் கேள்வியின் உருவத்தில் இருக்கிறது, மற்றதெல்லாம் சாதாரண வாக்கியமாகவே இருக்கிறது.

பேச்சில் அந்தத் ‘தட்’ பெரும்பாலும் காணாமல் போய்விடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திங்க், சே, நோ, ஹோப், பிலீவ் மாதிரி தினமும் புழங்கும் வினைகளுக்குப் பின்னாலும், ‘ஆர் யூ ஷ்யூர்’ மாதிரியான தொடர்களுக்குப் பின்னாலும் அவர்கள் ‘தட்’ சொல்வது குறைவு. “ஆர் யூ ஷ்யூர் ஹி இஸ் கமிங்?” என்பதுதான் வீட்டில் கேட்கும் ஆங்கிலம். எழுத்தில், அதுவும் அலுவலகக் கடிதம் மாதிரியான இடத்தில், ‘தட்’ திரும்ப வந்துவிடும். ‘கம்ப்ளெயின்’, ‘விஸ்பர்’ மாதிரி பேசும் விதத்தைச் சொல்கிற வினைகளோடு பேச்சிலும் அது பொதுவாகத் தங்கும். ‘எவிடென்ஸ்’, ‘ரூமர்’ மாதிரி பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும்போதும் அப்படித்தான்: “இஸ் தேர் எனி எவிடென்ஸ் தட் ஹி வாஸ் தேர்?” இங்கே ‘தட்’டை எடுத்தால் வாக்கியம் நொண்டும்.

சரி, இப்போது யார், என்ன, எங்கே, எப்போது வரும் கேள்விகளுக்கு வருவோம். விஷயமே இங்கேதான் இருக்கிறது.

இந்த இரண்டு தமிழ்க் கேள்விகளைப் பாருங்கள். “யார் வந்தார்கள் என்று தெரியுமா?” “யார் வந்தார்கள் என்று நினைக்கிறாய்?” முன்பாதி இரண்டிலும் ஓரெழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது. ஆனால் முதல் கேள்விக்கு “தெரியும்” என்று பதில் சொன்னால் போதும், அது முழுப் பதில்தான். இரண்டாவதற்கு “நினைக்கிறேன்” என்று பதில் சொல்ல முடியாது, ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும். இந்த வேறுபாட்டைத் தமிழ் எங்கே காட்டுகிறது? கடைசியில் ஒட்டும் ‘ஆ’வில். ‘தெரியுமா’ என்று முடிந்தால் ஆமாம்-இல்லை கேள்வி. ‘ஆ’ இல்லாமல் முடிந்தால் உள்ளே இருக்கும் ‘யார்’தான் முழுவாக்கியத்தையும் கேள்வியாக்குகிறது. நாம் இதை யோசிக்காமலே செய்கிறோம்.

ஆங்கிலத்தில் அப்படிக் கடைசியில் ஒட்ட எதுவும் கிடையாது. அதனால் கேள்விச் சொல் எங்கே நிற்கிறது என்பதை வைத்தே இந்த வேறுபாட்டைக் காட்டுகிறார்கள். ஆமாம்-இல்லை கேள்வியானால் ‘ஹூ’ உள்ளேயே இருக்கும்: “டூ யூ நோ ஹூ கேம்?” பெயரைக் கேட்கும் கேள்வியானால் ‘ஹூ’ உள்வாக்கியத்திலிருந்து கிளம்பி மொத்த வாக்கியத்தின் தலைக்கே வந்துவிடும்: “ஹூ டூ யூ திங்க் கேம்?” ஒரே வினையை வைத்துக்கொண்டு இரண்டு விதமாகவும் கேட்டுப் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். “யார் வந்தார்கள் என்று சொன்னாரா?” என்பது “டிட் ஹி சே ஹூ கேம்?” ஆகும். “யார் வந்தார்கள் என்று சொன்னார்?” என்பது “ஹூ டிட் ஹி சே கேம்?” ஆகும். தமிழில் ஒரு ‘ஆ’ செய்யும் வேலையை ஆங்கிலத்தில் ‘ஹூ’ இடம் மாறிச் செய்கிறது. எனக்குத் தெரிந்து தமிழ் பேசுகிறவருக்கு இதைவிட நல்ல சோதனை கிடையாது: தமிழில் கேட்டுப் பார்த்து, கடைசியில் ‘ஆ’ வந்தால் கேள்விச் சொல்லை உள்ளேயே விடுங்கள், வராவிட்டால் முன்னால் கொண்டுவாருங்கள்.

‘திங்க்’ மட்டும் கொஞ்சம் பிடிவாதக்காரன். நோ, சே, டெல், ரிமெம்பர், கெஸ் போன்ற வினைகளுக்குள் கேள்வியும் போகும், செய்தியும் போகும். ‘திங்க்’, ‘பிலீவ்’, ‘ஹோப்’ இவற்றுக்குள் செய்தி மட்டும்தான் போகும். “டூ யூ திங்க் ஹூ வில் கம்?” காதில் உறுத்துவதற்குக் காரணம் இதுதான், கேள்வியை ஏற்காத வினைக்குள் கேள்வியைத் திணித்துவிட்டோம்.

இந்தக் கேள்வியை எப்படி உருவாக்குவது என்று தடுமாறினால் பதிலிலிருந்து பின்னோக்கிப் போங்கள். எதிரில் இருப்பவர் என்ன பதில் சொல்வார்? “ஐ திங்க் செல்வி பாட் எ சைக்கிள்”, செல்வி ஒரு சைக்கிள் வாங்கினாள் என்று நினைக்கிறேன். உங்களுக்குத் தெரிய வேண்டியது என்ன வாங்கினாள் என்பது. ‘எ சைக்கிள்’ இருந்த இடத்தைக் காலி செய்து, அதற்குப் பதிலாக ‘வாட்’ என்பதை எடுத்து முன்னால் வையுங்கள். பிறகு வெளிவாக்கியத்தை மட்டும் கேள்வியாக்குங்கள்: “வாட் டூ யூ திங்க் செல்வி பாட்?” முடிந்தது. தெரிய வேண்டியது யார் வாங்கினார்கள் என்பதானால் ‘செல்வி’ இருந்த இடத்தைக் காலி செய்யுங்கள்: “ஹூ டூ யூ திங்க் பாட் எ சைக்கிள்?” கவனியுங்கள், ‘செல்வி பாட்’ என்பது ‘டிட் செல்வி பை’ என்று மாறவே இல்லை. “வாட் டூ யூ திங்க் டிட் செல்வி பை?” என்று கேட்டால் மறுபடியும் உள்ளே போய்த் திருப்பிவிட்டோம் என்று அர்த்தம்.

இந்தப் பயணத்துக்குத் தூரக் கணக்கு கிடையாது. “வாட் டிட் யுவர் பிரதர் சே யுவர் மதர் திங்க்ஸ் செல்வி பாட்?” என்றால், செல்வி என்ன வாங்கினாள் என்று உன் அம்மா நினைப்பதாக உன் அண்ணன் சொன்னான் என்று கேட்கிறார்கள். ‘வாட்’ மூன்று வாக்கியங்களைத் தாண்டி வந்திருக்கிறது. நடைமுறையில் இவ்வளவு நீளமாக யாரும் பேசுவதில்லை என்றாலும், பேசினால் அது சரியான ஆங்கிலம்தான்.

இப்போது ஒரு விசித்திரம். இதுவரை ‘தட்’ விருப்பம் போல வரலாம், போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். “வாட் டூ யூ திங்க் தட் செல்வி பாட்?” என்று ‘தட்’டோடு கேட்டாலும் பரவாயில்லை, கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் “ஹூ டூ யூ திங்க் தட் பாட் எ சைக்கிள்?” என்று கேட்டால் பெரும்பாலான ஆங்கிலேயரும் அமெரிக்கரும் முகம் சுளிப்பார்கள். அதாவது, காலியான இடம் செயலைச் செய்தவருடைய இடமாக இருந்து, அது ‘தட்’டுக்கு அடுத்தபடியே வந்தால், ‘தட்’ கட்டாயம் போக வேண்டும். செயப்படுபொருளின் இடம் காலியானால் அந்தக் கட்டாயம் இல்லை. ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள் யாரும் இதைப் பள்ளியில் படித்ததில்லை. கேட்டால் விதியைச் சொல்லவும் தெரியாது. ஆனால் வாக்கியத்தைச் சொன்னால் தப்பு என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

மொழியியலில் இதைப் பற்றி ஐம்பது வருஷங்களுக்கு மேலாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த டேவிட் பெர்ல்மட்டர் இதைக் கவனித்து எழுதினார். 1977இல் நோம் சாம்ஸ்கியும் ஹோவர்ட் லாஸ்னிக்கும் இதற்கென்றே ஒரு தனித் தடையை முன்வைத்தார்கள். இன்றைக்கு இதன் பெயர் ‘தட்-ட்ரேஸ்’ விளைவு. ட்ரேஸ் என்பது கிளம்பிப் போன சொல் விட்டுச்சென்ற தடம். பெர்ல்மட்டர் சொன்னதில் எனக்குப் பிடித்தது இது: ஸ்பானிய மொழியில் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே ‘தட்’டுக்கு நிகரான ‘கே’ என்ற சொல் அந்த இடத்திலும் வரும், வந்துதான் ஆக வேண்டும். காரணம், ஸ்பானியத்தில் எழுவாயைச் சொல்லாமலே வாக்கியம் பேசலாம், ஆங்கிலத்தில் அது முடியாது என்பது அவர் பார்வை. நாமும் “வந்தேன்”, “போனாள்” என்று எழுவாயை விட்டுவிட்டுத்தான் பேசுகிறோம். ஆனால் தமிழில் ‘யார்’ இருந்த இடத்திலேயே இருந்துவிடுவதால் இந்தச் சோதனைக்கு வேலையே இல்லை. அவருடைய விளக்கம்தான் முடிவானது என்று சொல்ல முடியாது, சண்டை இன்னும் ஓயவில்லை. ‘தட்’டுக்கும் காலி இடத்துக்கும் நடுவே ‘நெக்ஸ்ட் இயர்’ மாதிரி ஒரு தொடரை நுழைத்துவிட்டால் உறுத்தல் குறைந்துவிடுகிறது என்பதை 1977இலேயே ஜோன் பிரெஸ்னன் காட்டியிருக்கிறார். அமெரிக்காவிலேயே சிலருக்கு ‘தட்’டோடு கேட்டாலும் உறுத்துவதில்லை. நமக்கு இவ்வளவு போதும்: யார், எது செய்தது என்று கேட்கும்போது ‘தட்’டைப் போடாதீர்கள். எந்தக் கேள்வியிலும் போடாமலே இருந்தாலும் பேச்சில் ஒன்றும் குறைந்துவிடாது.

இதன் பக்கத்திலேயே இன்னொரு பள்ளம் இருக்கிறது, அதில் நன்றாக ஆங்கிலம் எழுதுகிறவர்களும் விழுகிறார்கள். “ஹூம் டூ யூ திங்க் வில் வின்?” என்று மரியாதையாக ‘ஹூம்’ போட்டு எழுதுவார்கள். ‘திங்க்’குக்குச் செயப்படுபொருள் போலத் தோன்றுவதால் வரும் தவறு இது. ஜெயிக்கப் போகிறவர்தான் ‘வில் வின்’னுக்கு எழுவாய், அதனால் இங்கே ‘ஹூ’தான் சரி. “ஹூம் டிட் ஷி சே ஷி மெட்?” என்பதில் சந்திக்கப்பட்டவரைக் கேட்கிறோம், அதனால் அங்கே ‘ஹூம்’ போடலாம். ஆனால் இன்றைய பேச்சில் அங்கேயும் ‘ஹூ’தான்.

சரி, கேள்விச் சொல் இப்படி முன்னால் ஓடி வந்துவிடுவதால் ஆங்கிலத்துக்கு ஒரு நஷ்டமும் இருக்கிறது. “வென் டிட் ஹி சே ஹி வுட் கம்?” இந்தக் கேள்விக்கு இரண்டு அர்த்தம். எப்போது வருவதாகச் சொன்னார் என்றும் கேட்கலாம், வருவதாக எப்போது சொன்னார் என்றும் கேட்கலாம். தமிழில் ‘எப்போது’ எந்த வினையின் பக்கத்தில் நிற்கிறதோ அதைச் சேர்ந்தது, குழப்பம் இல்லை. ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் தலையில் போய் நின்றுவிட்டதால் எங்கிருந்து கிளம்பி வந்தது என்று தெரிவதில்லை. பெரும்பாலும் சந்தர்ப்பம் காப்பாற்றிவிடும். ‘ஒய்’ வரும்போதுதான் இது அடிக்கடி வம்பாகிறது. “ஒய் டூ யூ திங்க் ஹி லெஃப்ட்?” என்றால் அவர் போனதற்கு என்ன காரணம் இருக்கும் என்று அபிப்பிராயம் கேட்பதாகவும் எடுத்துக்கொள்ளலாம், அவர் போய்விட்டார் என்று எதை வைத்துச் சொல்கிறாய் என்று மடக்குவதாகவும் எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதைத்தான் கேட்க வேண்டுமென்றால் ஆங்கிலேயர்கள் வேறு வழியில் போவார்கள்: “வாட் மேக்ஸ் யூ திங்க் ஹி லெஃப்ட்?” இந்த ‘வாட் மேக்ஸ் யூ திங்க்’ ரொம்பப் பயனுள்ள தொடர், மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளலாம். குரலைக் கொஞ்சம் கடுமையாக்கினால் மட்டும் அதே தொடர் சண்டைக்கு இழுக்கும்.

ஆங்கிலக் குழந்தைகளுக்கே இது சுலபமாக வந்துவிடுவதில்லை என்பது ஒரு ஆறுதல். 1990இல் ரோசலிண்ட் தார்ன்டன் என்ற ஆய்வாளர் சின்னக் குழந்தைகளை இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்க வைத்துப் பார்த்தார். சில குழந்தைகள் “வாட் டூ யூ திங்க் வாட்ஸ் இன் தி பாக்ஸ்?” என்று ‘வாட்’டை இரண்டு இடத்திலும் வைத்தன, தலையில் ஒன்று, நடுவில் ஒன்று. பெரியவர்கள் ஆங்கிலத்தில் அப்படிப் பேசுவதில்லை. ஆனால் ஜெர்மன் மொழியில் பெரியவர்களே கிட்டத்தட்ட அப்படிக் கேட்பார்கள், முன்னால் ‘என்ன’ என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு உண்மையான ‘யார்’ என்பதை உள்வாக்கியத்தில் வைப்பார்கள். இந்தியிலும் அதே வழிதான், “தும்ஹே(ன்) க்யா லக்தா ஹை, கௌன் ஆயேகா?” என்று ‘க்யா’ முன்னால் வந்து வழிகாட்டும், ‘கௌன்’ உள்ளே இருக்கும்.

அப்புறம், எல்லா உள்வாக்கியத்திலிருந்தும் கேள்விச் சொல்லை உருவி எடுக்க முடியாது. தமிழில் “அவர் எதை வாங்கிவிட்டார் என்ற வதந்தியைக் கேட்டாய்?” என்று ஒரு மாதிரியாகக் கேட்டுவிடலாம். ஆங்கிலத்தில் “வாட் டிட் யூ ஹியர் தி ரூமர் தட் ஹி பாட்?” என்று சொன்னால் யாருக்கும் தலையும் புரியாது வாலும் புரியாது. ‘ரூமர்’, ‘க்ளெய்ம்’, ‘ஃபேக்ட்’ மாதிரி ஒரு பெயர்ச்சொல் வாசலில் நின்றுவிட்டால் உள்ளேயிருந்து எதுவும் வெளியே வர முடியாது. 1967இல் ஜான் ராபர்ட் ராஸ் இந்த மாதிரி இடங்களைத் தன் ஆய்வேட்டில் வகைப்படுத்தினார், அவற்றுக்குத் தீவுகள் என்று அவர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. அப்படியானால் அவர்கள் எப்படித்தான் கேட்கிறார்கள்? பெயர்ச்சொல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு வினையால் கேட்பார்கள்: “வாட் டிட் யூ ஹியர் ஹி பாட்?” இல்லையென்றால் “வாட் இஸ் ஹி சப்போஸ்ட் டு ஹேவ் பாட்?” என்று வேறு பாதையில் சுற்றி வருவார்கள்.

இனி ‘என்று’ போடும் இடத்திலெல்லாம் ‘தட்’ போட்டு நாம் மாட்டிக்கொள்ளும் இடங்கள். “நான் வரணும்னு நினைக்கிறீங்களா?” என்பதை “டூ யூ வான்ட் தட் ஐ ஷுட் கம்?” என்று கேட்கிறோம். ‘வான்ட்’ தனக்குள் ‘தட்’டை விடாது. “டூ யூ வான்ட் மீ டு கம்?” என்பதுதான் வழக்கம், பணிவாகக் கேட்டால் “வுட் யூ லைக் மீ டு கம்?” அடுத்தது ‘டெல்’. “டிட் ஹி டெல் தட் ஹி இஸ் லீவிங்?” என்று நம் ஊரில் சகஜமாகக் கேட்கலாம், ஆனால் ‘டெல்’லுக்கு யாரிடம் என்று ஒரு ஆள் வேண்டும்: “டிட் ஹி டெல் யூ தட் ஹி வாஸ் லீவிங்?” ஆள் இல்லாமல் கேட்க வேண்டுமானால் ‘சே’. முன்னால் ‘டிட்’ வந்துவிட்டதால் உள்ளே ‘இஸ்’ பெரும்பாலும் ‘வாஸ்’ ஆகிவிடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள், விஷயம் இன்னும் நடக்காமல் இருந்தால் ‘இஸ்’ என்றே விடுவதும் உண்டு. மூன்றாவது, எல்லாவற்றிலும் மோசமானது, ‘ஆஸ்க்’. “எங்கே போறன்னு கேட்டாரா?” என்பதை “டிட் ஹி ஆஸ்க் தட் வேர் ஆர் யூ கோயிங்?” என்று மாற்றுவது. ‘என்று’ இருக்கிறது, அதனால் ‘தட்’. ஆனால் உள்ளே இருப்பது கேள்வி, கேள்விக்கு முன்னால் ‘தட்’ வராது. “டிட் ஹி ஆஸ்க் வேர் யூ வேர் கோயிங்?” போதும், ‘ஆர் யூ’ என்ற திருப்பமும் நேராகிவிடும். உள்ளே ஆமாம்-இல்லை கேள்வி இருந்தால் ‘தட்’டின் இடத்தில் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’ வரும்.

‘அபவுட்’ மாதிரியான முன்னிடைச்சொல்லுக்குப் பின்னாலும் தட் கிளாஸ், அதாவது ‘தட்’டில் தொடங்கும் உள்வாக்கியம், நேரடியாக வராது. “ஆர் யூ ஹேப்பி அபவுட் தட் ஹி கேம்?” இல்லை, ‘அபவுட்’டை எடுத்துவிட்டு “ஆர் யூ ஹேப்பி தட் ஹி கேம்?” என்று கேளுங்கள். ‘சஜஸ்ட்’, ‘ரெக்கமண்ட்’, ‘இன்ஸிஸ்ட்’ இவற்றில் ‘தட்’ வரும், ஆனால் உள்வினை மொட்டையாக நிற்கும்: “டிட் தி டாக்டர் சஜஸ்ட் தட் ஹி டேக் ரெஸ்ட்?” ‘டேக்ஸ்’ இல்லை, ‘டுக்’ இல்லை. இது அமெரிக்கப் பழக்கம். பிரிட்டனில் ‘ஷுட் டேக்’ என்பதும் நிறையக் கேட்கும்.

உள்வாக்கியமே எழுவாயாக இருந்தால் என்ன செய்வது? “அவர் பொய் சொன்னார் என்பது உண்மையா?” இதை அப்படியே “இஸ் தட் ஹி லைட் ட்ரூ?” என்று கேட்க முடியாது. முன்னால் ‘இட்’ என்ற ஒன்றுமில்லாத சொல்லை உட்கார வைத்துவிட்டு, தட் கிளாஸைக் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள்: “இஸ் இட் ட்ரூ தட் ஹி லைட்?” பேருந்துகளில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரிதான் இந்த ‘இட்’, உண்மையான ஆள் பின்னால் வருகிறார். “இஸ் இட் பாஸிபிள் தட்…”, “டஸ் இட் மேட்டர் தட் ஐ ஆம் லேட்?”, “டஸ் இட் பாதர் யூ தட் ஷி நெவர் கால்ஸ்?” எல்லாம் இந்த வார்ப்புதான். “ஒய் இஸ் இட் தட் நோபடி டோல்ட் மீ?” என்று கேட்டால் வெறும் “ஒய்”யைவிடக் கொஞ்சம் அழுத்தமும் ஆதங்கமும் கூடும். அமெரிக்கர்கள் “ஹவ் கம் நோபடி டோல்ட் மீ?” என்பார்கள், இன்று மற்றவர்களும்தான். ‘ஹவ் கம்’முக்குப் பின்னால் ஏன் ‘டிட்’ வரவில்லை, ஏன் திருப்பம் இல்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். அதுவே ‘இது எப்படி வந்தது’ என்ற வெளிவாக்கியத்தின் சுருக்கம்தான், பின்னால் இருப்பது ‘தட்’ உதிர்ந்துபோன உள்வாக்கியம், உள்வாக்கியம் திரும்பாது.

இலக்கணம் சரியாக இருந்தும் தொனி தவறிப்போகும் இடங்களும் உண்டு. “டிட் யூ நோ தட் தி ஷாப் இஸ் க்ளோஸ்ட்?” என்று கேட்கும்போதே கடை மூடியிருப்பது உண்மை என்று கேட்கிறவர் ஏற்கெனவே சொல்லிவிடுகிறார். கேள்வி உனக்குத் தெரியுமா என்பது மட்டும்தான். ‘திங்க்’கில் அப்படியில்லை, மூடியிருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த வேறுபாட்டை 1970இல் பால் கிபார்ஸ்கியும் கரோல் கிபார்ஸ்கியும் விரிவாக எழுதினார்கள். நோ, ரியலைஸ், ரெக்ரெட் எல்லாம் உண்மையென்று எடுத்துக்கொண்டே பேசும் வினைகள். அதனால்தான் “டூ யூ ரியலைஸ் தட் யூ ஆர் லேட்?” என்பது பெயருக்குத்தான் கேள்வி, உண்மையில் திட்டு. மேலதிகாரிக்கு மின்னஞ்சலில் “டூ யூ ரியலைஸ்” என்று எழுதிவிடாதீர்கள். “ஆர் யூ அவேர் தட்” கொஞ்சம் மென்மை, ஆனால் அதிலும் முள் இருக்கிறது. “ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ ஹேட் ஹெர்ட் தட்…” என்று சுற்றி வளைத்துக் கேட்பதுதான் பாதுகாப்பு, பிரிட்டிஷ்காரர்கள் இந்தச் சுற்றலில் கெட்டிக்காரர்கள். அபிப்பிராயம் கேட்க “வுட் யூ சே தட் தி ரோட் இஸ் சேஃப்?” நல்ல வழி, எதிராளிக்கு மறுக்க இடம் கொடுக்கிறது. “டோண்ட் யூ திங்க் தட் இட் இஸ் டூ லேட்?” இதற்கு எதிர். ரொம்ப நேரமாகிவிட்டது என்று தானே முடிவு செய்துவிட்டு ஆமாம் போடச் சொல்கிற கேள்வி அது.

வாலில் ஒட்டும் கேள்விகளிலும் தட் கிளாஸ் தன் வேலையைக் காட்டும். “ஐ திங்க் ஹி இஸ் கமிங், இஸின்ட் ஹி?” இங்கே வால் வெளிவாக்கியத்தோடு ஒட்டவில்லை, ‘டோன்ட் ஐ’ என்று வரவில்லை, உள்ளே இருக்கும் ‘ஹி இஸ்’ஸோடு ஒட்டுகிறது. என் நினைப்பைப் பற்றி உங்களிடம் சரிபார்க்க என்ன இருக்கிறது, அவர் வருவதைத்தானே சரிபார்க்க வேண்டும். “ஐ டோன்ட் திங்க் ஹி வில் கம், வில் ஹி?” இன்னும் சுவாரஸ்யம். ‘டோன்ட்’ வெளியே இருந்தாலும் மறுப்பு உள்ளே இருப்பதாகவே கணக்கில் எடுத்துக்கொண்டு வால் ‘வில் ஹி’ என்று நேராக வருகிறது. ஆனால் “யூ திங்க் ஹி இஸ் கமிங், டோன்ட் யூ?” என்றால் வால் வெளியே ஒட்டும், இப்போது சரிபார்ப்பது உங்கள் நினைப்பை.

இவ்வளவு கேள்வி கேட்டால் பதிலும் சொல்ல வேண்டுமே. “டூ யூ திங்க் ஹி வில் கம்?” என்றால் நாம் “ஐ திங்க் யெஸ்” என்போம், அவர்கள் “ஐ திங்க் ஸோ” என்பார்கள். தட் கிளாஸ் முழுவதையும் திரும்பச் சொல்லாமல் அதன் இடத்தில் ‘ஸோ’ ஒன்றை வைத்துவிடுகிறார்கள். இல்லை என்று சொல்ல “ஐ டோன்ட் திங்க் ஸோ”. ‘ஹோப்’ மட்டும் இதற்கு ஒத்துவராது, “ஐ டோன்ட் ஹோப் ஸோ” என்று யாரும் சொல்வதில்லை, “ஐ ஹோப் நாட்” என்பார்கள். “இஸ் இட் ட்ரூ தட் தி லாஸ்ட் பஸ் ஹேஸ் கான்?” என்று நீங்கள் கேட்டு, பதில் வருத்தமான ஆமாம் என்றால் “ஐ ஆம் அஃப்ரெய்ட் ஸோ” என்று வரும். பேருந்து போய்விட்டது, பயம் ஒன்றும் இல்லை.